ஒத்தீலியா போட்ட முற்றுகை

ஒத்தீலியா செம்பேரேவுக்கு ஆங்கிலத்தில் கரண்டி என்று சொல்லத் தெரியாது. கழிப்பறை எந்தப் பக்கம் என்று யாராவது கேட்டால் கையை நீட்டத்தான் தெரியும். ஆனால் முற்றுகை, பிணைக்கைதி, கப்பம், மதத்துரோகி, தலையை வெட்டுவது எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. போப்பாண்டவர் ஒரு ராஜாவைச் சபையை விட்டுத் தள்ளிவைத்தால் அதற்கு என்ன வார்த்தை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள்.

பெனிமசாரில், நெத்திலி அடைத்த ஆலிவ் காய்களை டப்பாவில் போடும் ஆலையில் அவளுக்கு இருபத்தெட்டு வருஷமாக வேலை. உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி விரல் இடுக்கெல்லாம் பிளந்துவிட்டது. டாக்டர் கையுறை போடச் சொன்னார். கையுறைக்குள்ளும் உப்பு புகுந்தது. அந்தச் சமயத்தில்தான் திருவிழா அருங்காட்சியகத்தில் டிக்கெட் ஜன்னலில் இருந்தவர் ஓய்வு பெறப் போகிறார் என்று பேச்சு அடிபட்டது. ஈரமில்லாத வேலை, உட்கார நாற்காலி. ஒரே ஒரு நிபந்தனை: கடற்கரைப் பக்கம் வந்து குடியேறிய ஆங்கிலேயக் கிழவர்களும் கிழவிகளும் பேருந்தில் வருவார்கள், அவர்களுக்கு ஆங்கிலத்தில் சுற்றிக் காட்ட வேண்டும்.

அந்த நாற்காலியின் மேல் அவளுடைய ஓரகத்தி ஃபீனாவுக்கும் கண் இருந்தது.

இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. பெனிமசாரில் ஒருவன் மூர் அணியிலோ, அதாவது ஒரு காலத்தில் ஊரை ஆண்ட முஸ்லிம்களின் வேஷம் போடும் அணியிலோ, கிறித்தவ அணியிலோதான் பிறப்பான், சாகும்போதும் அந்த அணியின் கொடியைத்தான் சவப்பெட்டியின் மேல் போடுவார்கள். பழைய சண்டையை ஊரே நடித்துக் காட்டும் ஏப்ரல் திருவிழாவில், காலையில் மூர்கள் மரக்கோட்டையைப் பிடிப்பார்கள், சாயங்காலம் கிறித்தவர்கள் திருப்பிப் பிடிப்பார்கள். ஒத்தீலியாவின் கணவன் பத்தீஸ்த் மூன்று தலைமுறை மூர். அவனுடைய தம்பி சீமோவும் அப்படித்தான் இருந்தான், ஃபீனாவைக் கட்டுகிற வரைக்கும். கட்டின பிறகும் சில வருஷம் மூராகத்தான் சுற்றினான். பிறகு ஒரு ஏப்ரலில் மாமனார் வீட்டு இரும்புச் சட்டையை மாட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் நின்று, சொந்த அண்ணனைப் பார்த்துக் குண்டில்லாத வெடிமருந்துத் துப்பாக்கியால் சுட்டான். அன்றைக்கு மூர் அணி வீட்டில் நூறு பேருக்குப் பருப்பும் பன்றிக்காலும் போட்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தவள் ஒத்தீலியா. சேதி வந்தபோது கரண்டியைக் கீழே வைக்கவில்லை. ஃபீனாவின் பேரை மட்டும் வாயிலிருந்து எடுத்துவிட்டாள்.

ஃபீனா காசு கட்டி ஆங்கில வகுப்புக்குப் போனாள். ஓரத்தில் பொன்னிறம் அடித்த சான்றிதழை வரவேற்பறையில் மாட்டினாள். ஒத்தீலியா பதினான்கு வயதில் பள்ளியை விட்டவள், வகுப்பு என்றாலே அவளுக்குக் காது சிவக்கும். அவள் உப்பு டப்பாவில் கைபேசியைச் சாய்த்து வைத்தாள். கரகரத்த குரலில் ஓர் ஆங்கிலேயன் பழைய ராஜாக்களின் சண்டைகளைச் சொல்லும் வீடியோக்கள். எந்த ராஜா சிலுவையின் பேரால் எந்த ஊரை எரித்தான், எந்த சுல்தான் எவனைப் பிடித்து வைத்துப் பணம் கேட்டான் என்றெல்லாம் சொல்லுவான். நிமிஷத்துக்கு ஒரு தரம் நிறுத்தி, கீழே ஓடும் எழுத்தைப் பார்த்து, ஆலையில் வீணான லேபிள்களின் பின்பக்கத்தில் வார்த்தைகளை எழுதிக்கொள்வாள். சமையலுக்கும் சண்டைக்கும் நடுவில் இரண்டு வருஷம் போயிற்று. சந்தில் ஃபீனா எதிரே வந்தால் உதட்டுக்குள் அன்றைய வார்த்தையைச் சொல்லுவாள். பெரும்பாலும் அது மதத்துரோகி.

ஒரு வீடியோவில் அந்தக் குரல், இந்தப் பக்கத்து ஊர்கள் பலவும் சண்டை போட்டுப் பிடிபடவில்லை, எழுதி வாங்கிக்கொண்டு கதவைத் திறந்தவை என்றது. ஒத்தீலியாவுக்கு அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டி நினைவுக்கு வந்தது. அதற்குள் ஒரு தோல் காகிதம் கிடக்கிறது. கீழே "பழைய கடிதம்" என்று அட்டை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பாதிரியாரைக் கூட்டிப்போய்ப் படிக்கச் சொன்னாள். மூர்களான ஊர்ப் பெரியவர்கள் கிறித்தவ ராஜாவிடம் சாவியை ஒப்படைக்கிறார்கள், வீடும் வயலும் தொழுகையும் தங்களுக்கே இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. கொஞ்ச காலத்துக்குள் அந்தப் பெரியவர்களின் பிள்ளைகளை ஊரை விட்டே துரத்திவிட்டார்கள் என்பது பாதிரியாருக்குத் தெரிந்திருந்தது. யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்றார்.

பிப்ரவரியில் சோதனை வைத்தார்கள். ஒரு பேருந்து ஆங்கிலேயர்கள். முதலில் ஒத்தீலியா, அடுத்து ஃபீனா. திருவிழாக் குழுத் தலைவர் எவரிஸ்த் கந்தோ பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நடந்தார். மூன்று தடவை கிறித்தவத் தளபதியாகக் குதிரை ஏறியவர்.

தொடக்கத்தில் அவளுக்குக் குரலே எழும்பவில்லை. கண்ணாடிப் பெட்டி வந்ததும் எழும்பிவிட்டது. பெனிமசாரில் மூர் வீட்டுக்காரர்கள் எப்போதும் பேசுகிற மாதிரியே அவளும் பேசினாள். நாங்கள் சாவியைக் கொடுத்தோம் என்றாள். நாங்கள் போரிடவில்லை, நீங்கள் சத்தியம் செய்தீர்கள், பிறகு எங்களைத் துரத்தினீர்கள் என்று எவரிஸ்த்தை நோக்கிக் கையை நீட்டினாள். வார்த்தைகள் எல்லாம் கைவசம் இருந்தன. ஆங்கிலேயர்கள் அசையாமல் நின்றார்கள். வெள்ளை முடிக் கிழவி ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் ஜனங்களுக்காக வருந்துகிறேன், இப்போது எங்கே தொழுகிறீர்கள் என்று கேட்டாள். சாந்தா மரியா கோவிலில், ஞாயிறு பதினொன்றரைக்கு என்று ஒத்தீலியா உள்ளதைச் சொன்னாள். கிழவியின் கண் நிறைந்துவிட்டது. பாவம், மதத்தையும் மாற்றிவிட்டார்கள் என்று பக்கத்தில் நின்றவரிடம் முனகினாள்.

பேருந்து ஓட்டுநருக்கு இரண்டு பாஷையும் வரும். அவர் எல்லாவற்றையும் எவரிஸ்த்தின் காதில் போட்டார். எவரிஸ்த்தின் கழுத்து சிவந்தது.

"ஒத்தீலியா, நீ டிக்கெட் கிழிக்க வந்தியா, எழுநூறு வருஷத்து வழக்கை நடத்த வந்தியா?"

கதவருகே முறைக்காக நின்ற ஃபீனா சிரித்தாள். "தலைவெட்டுற படம் பாத்துப் படிச்ச இங்கிலீஷ். வேற என்ன வரும்?"

எவரிஸ்த் கொஞ்சம் இறங்கி வந்தார். உன் இங்கிலீஷ் அவளுடையதைவிட ஓடுகிறது, நான் மறுக்கவில்லை என்றார். நம்முடைய வீரர்கள் வாளெடுத்து ஊரை மீட்டார்கள் என்று இவர்களிடம் திருத்திச் சொல்லிவிடு, நாற்காலி உன்னுடையது.

ஒத்தீலியா விரல்களைப் பார்த்தாள். காலையில் தடவின களிம்பையும் மீறி இரண்டு இடத்தில் ரத்தம் கசிந்திருந்தது. பெட்டியையும் பார்த்தாள்.

"அதுல வாளே இல்லீங்க. பாதிரியாரைக் கூட்டிவந்து படிக்கச் சொல்லிக் கேளுங்க."

வேலை ஃபீனாவுக்குப் போயிற்று.

ஒத்தீலியா அழவில்லை, யாரிடமும் முறையிடவும் இல்லை. ஆலைக்குப் போனாள். பத்தீஸ்த் எவரிஸ்த் வீட்டு வாசலில் போய்க் கத்தப் போகிறேன் என்றான். அவனை உட்காரச் சொன்னாள். கோட்டைச் சுவரில் ஏறுகிறவன் தலையில்தான் கொதிக்கிற எண்ணெயை ஊற்றுவார்கள், வெளியே கூடாரம் போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்கு ஒன்றும் ஆகாது. முப்பது நாற்பது வீடியோவில் அவள் கண்டது அதுதான்.

வெள்ளை முடிக் கிழவி கடற்கரையில் தன் கூட்டத்தாரிடம் கதையைச் சொல்லியிருந்தாள். திருவிழா முடிந்த கையோடு பேருந்துகள் வந்தன. வந்தவர்கள் எல்லோரும் மூர் பெண்மணி எங்கே, அந்தக் கடிதம் எங்கே என்றுதான் கேட்டார்கள். ஃபீனா இன்றைக்கு வெயில் நன்றாக இருக்கிறது என்றாள். மேலே கேட்டால், நாளைக்கும் நன்றாக இருக்கும் என்றாள். வருகைப் பதிவேட்டில் மூன்று பக்கம் குறை எழுதி வைத்தார்கள். பேருந்து ஓட்டுநர் ஆலைக் கடையில் ஆலிவ் வாங்க வரும்போது இதையெல்லாம் சொல்லுவார். ஒத்தீலியா அவருக்கு ஒரு கை ஆலிவ் கூடுதலாகப் போடுவாள்.

மே மாதம் சீமோ பாதாம் கேக் பெட்டியோடு வந்தான். ஒத்தீலியா அதைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தாள். அடுத்த வாரம் பத்தீஸ்த்துக்கு ஒரு புட்டி காப்பிச் சாராயம் வந்தது. பத்தீஸ்த் குடித்துவிட்டான், அதனால் ஒன்றும் மாறவில்லை. எவரிஸ்த் ஜன்னலை மூடிவிடலாமா என்று யோசிப்பதாகப் பேச்சு வந்த பிறகுதான் ஃபீனாவே ஆலை வாசலுக்கு வந்தாள்.

"உனக்கு என்னதான் வேணும்?"

"வெள்ளி, சனி, ஞாயிறு."

"பேருந்து வர்றதே அந்த மூணு நாள்தான்."

"ஆமா."

"அப்ப எனக்கு?"

"செவ்வாய், புதன், வியாழன். திங்கள் ரெண்டு பேருக்கும் லீவு. கடிதத்துக்கு அடியில இருக்கிற அட்டையை மாத்தணும். நான் எழுதித் தர்றத எவரிஸ்த் கையெழுத்துப் போட்டு வைக்கணும்."

"அவர் ஒத்துக்க மாட்டார்."

"ஒத்துக்க வை. பூட்டினா உன் நாற்காலியும் போகும்."

ஃபீனா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "உன் மனசு உப்புல போட்ட மனசு."

"இருபத்தெட்டு வருஷம்" என்றாள் ஒத்தீலியா. பையிலிருந்து லேபிள் ஒன்றை எடுத்துப் பின்பக்கத்தில் நிபந்தனைகளை எழுதினாள், பேனாவோடு நீட்டினாள். வாய்ச் சத்தியம் இந்த ஊரில் எத்தனை நாள் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். ஃபீனா சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பேனா முனை லேபிளைக் கிழித்துவிட்டது. இன்னொரு லேபிளில் திரும்ப எழுதி வாங்கினாள்.

இப்போது வாரத்தில் பாதி நாள் ஆலை, பாதி நாள் ஜன்னல். கடிதத்துக்கு அடியில் எவரிஸ்த்தின் கையெழுத்தோடு புது அட்டை இருக்கிறது. விரல் பிளவுகளில் சில மூடியிருக்கின்றன. ஆங்கிலேயக் கிழவிகள் அவள் கையைப் பிடித்து அனுதாபம் சொல்கிறார்கள். தான் மூர் இல்லை என்று அவள் திருத்துவதும் இல்லை. கரண்டிக்கு என்ன வார்த்தை என்று இன்னும் தெரியாது.

வியாழன் சாயங்காலம் ஒத்தீலியா அருங்காட்சியக வாசலில் வந்து நிற்பாள். ஃபீனா பூட்டிவிட்டுச் சாவியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போவாள், கையில் கொடுப்பதில்லை. அவள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் ஒத்தீலியா சாவியைத் தொடுவதும் இல்லை.