வீட்டுக்கு வராதே என்று சொன்ன அக்கா

கல்லூரி திறக்கும் சமயத்தில் கண்ணாடிக்கடையில் கூட்டம் நெரியும். பள்ளிக்கூடம் முழுக்க ஒரே தடித்த பிரேமில் காலம் தள்ளிய பிள்ளைகள், புது இடத்தில் புது முகத்தோடு போய் இறங்க வேண்டும் என்று பெற்றோரை இழுத்துக்கொண்டு வருவார்கள். முகத்தை மாற்ற முடியாது என்பதால் பிரேமை மாற்றிக்கொண்டு போவார்கள்.

அந்தக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்துப் பிரேமில் பொருத்துவது அக்காவின் வேலை. அவளைக் கடையில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பதினைந்து வயது மூத்த முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுவார். அதில் அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை. நாள் முழுக்க நீர் சொட்டும் சக்கரத்தில் கண்ணாடி வில்லையைச் சுற்றிச் சுற்றிப் பிடிப்பாள், சூடுகாட்டி இளக்கிய பிரேமுக்குள் அதைக் கட்டைவிரலால் அழுத்துவாள், தரையில் விழுந்த எள்ளளவு திருகாணியைக் காந்தத்தை வைத்துத் தேடுவாள். கடைசியில் முன்னால் வந்து, பிள்ளையின் காதில் மாட்டிப் பார்த்து, காது பின்னால் உறுத்துகிறதா என்று கேட்பாள். கூடவே ஓர் அறிவுரையும் வரும். பிரேமுக்கு ஒரு வருஷம் உத்தரவாதம் உண்டு. அறிவுரை இலவசம் என்பதால் அதற்கு யாரும் உத்தரவாதம் கேட்டதில்லை.

"ஹாஸ்டலா? முதல் ஆறு மாசம் வீட்டுப் பக்கமே வராதே. வந்தேன்னா கெட்டே."

இதைக் கேட்டுத் தாய்மார்கள் முகம் சுளிப்பார்கள், தகப்பன்மார்கள் தலையாட்டுவார்கள். பிள்ளைகள் கண்ணாடியில் தங்கள் புது முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அவளும் ஹாஸ்டலில் இருந்து படித்தவள்தான். மூன்று வருஷமும் வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் பையோடு வந்து, கடைசி மணி அடிக்கும் முன்பே பேருந்து நிலையத்துக்கு ஓடியவள். வகுப்பில் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'பஸ் பாஸ்'. தன்னோடு அறையில் இருந்தவர்கள் சனிக்கிழமைகளில் என்ன செய்தார்கள் என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது. கடைசி வருஷம் வகுப்புப் புகைப்படம் எடுத்ததும் ஒரு சனிக்கிழமைதான். படத்தில் அவள் இல்லை. பட்டம் வாங்கிச் சில வருஷம் கழித்து, கண்ணாடி வாங்க வந்த ஒருத்தி பேச்சுவாக்கில் கல்லூரியின் பெயரைச் சொல்ல, "நானும் அங்கதான், உங்க வகுப்புதான்" என்றாள் அக்கா. வந்தவள் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்படியா? நடுவுல வந்து சேர்ந்தீங்களா?" என்று கேட்டாள். பழைய கண்ணாடியின் கோளாறாக இருக்கும் என்று அக்கா தன்னைத் தேற்றிக்கொண்டாள். புதுக் கண்ணாடியைப் போட்ட பிறகும் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

ஆகவே தம்பி கல்லூரிக்குப் போனபோது அவனுக்கு அந்தக் கதி வரக் கூடாது என்று முடிவு செய்தாள். அவனுக்கும் அவளுக்கும் ஒன்பது வயது வித்தியாசம்; பாதி அம்மா அவள். பெட்டியை அவளே அடுக்கினாள், அறிவுரையையும் அவளே மேலாக வைத்து மூடினாள். இரண்டாவது மாதம் அவன் கூப்பிட்டான். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, சக்கரத்தில் லென்ஸைப் பிடித்தபடியே பேசினாள்.

"அக்கா, இந்த வாரம் வந்துட்டுப் போகட்டுமா?"

"எதுக்குடா?"

"சும்மாதான்."

"சும்மான்னா வராதே. படுத்துத் தூங்கு. காலையில சரியாயிடும்."

"சரிக்கா."

சரியாகத்தான் ஆகிவிட்டது. அதுதான் வினையாகவும் முடிந்தது. அவன் விளையாட்டில் சேர்ந்தான், மாணவர் சங்கத் தேர்தலில் நின்று ஜெயித்தான், பாதிக் கல்லூரியோடு தோளில் கைபோட்டுக்கொண்டு திரிந்தான். விடுமுறைகளில் வீட்டுக்கு வர நேரம் கிடைக்கவில்லை. படிப்பு முடிந்ததும் வெகுதூரத்தில் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை வந்தான். வந்தால் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தான், "துண்டு எங்கம்மா இருக்கு?" என்று கேட்டான், தண்ணீர் வேண்டுமென்றாலும் கேட்டு வாங்கிக் குடித்தான். என்ன மரியாதை பாருங்கள் என்று அப்பா பூரித்துப்போனார். அம்மா பூரிக்கவில்லை. அக்கா அதற்குப் பிறகு கடையில் காது பின்னால் உறுத்துகிறதா என்று மட்டும் கேட்டாள்.

போன வருஷம், புதிதாகச் சேர்ந்தவர்களிடம் இரண்டு வார்த்தை பேசச் சொல்லித் தம்பியை அவன் படித்த கல்லூரியிலிருந்து அழைத்தார்கள். வீட்டிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஊர்.

"அவ்வளவு தூரத்துலேர்ந்து வர்றவன், அப்படியே இங்க வந்து ஒரு ராத்திரி தங்கினா என்ன தேஞ்சா போயிடுவான்?" என்றாள் அம்மா. "போன்ல கேட்டா வேலை இருக்கும்பான். நீ நேர்ல போய்க் கையோட கூட்டிட்டு வா. போர்வையெல்லாம் துவைச்சு வெச்சிருக்கேன்."

அக்கா கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவனைக் கூட்டிவருவது ஒன்றுதான் அவளுக்கு அன்றைய வேலை.

கூடத்தில் அவளைக் கடைசி வரிசையில் உட்காரவைத்தார்கள். முதலில் பேசியவர் நூலகத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்றார். அவருடைய பழைய பேராசிரியர் இருமினார். அடுத்தவர் சீக்கிரம் தூங்கிப் பழகுங்கள் என்றார். கூடத்தில் பாதிப்பேர் ஏற்கெனவே பழகிக்கொண்டிருந்தார்கள். பிறகு தம்பி எழுந்தான்.

"நான் ரெண்டாவது மாசம் ஓடிப்போகப் பார்த்தவன்" என்று ஆரம்பித்தான். தூங்கியவர்கள் விழித்துக்கொண்டார்கள். "நிஜமா. பெட்டியெல்லாம் கட்டியாச்சு. திரும்பி வர்றதா எண்ணமே இல்லை. எங்க அக்காவுக்கு போன் பண்ணி, வந்துட்டுப் போகட்டுமான்னு கேட்டேன். வராதேன்னுட்டாங்க. அன்னைக்கு அவங்க வான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இன்னைக்கு நான் இந்த மேடையில இல்லை."

கைதட்டல் எழுந்தது. அக்காவுக்கு இது புதுச் செய்தி. அவன் கட்டிவைத்த பெட்டி, தான் அடுக்கிய அதே பெட்டி என்று மட்டும் அவளுக்குத் தோன்றியது. பெருமையாகவும் இருந்தது, பல்வலி போலவும் இருந்தது.

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "அப்ப அந்த ராத்திரி என்ன பண்ணீங்க சார்?"

"கட்டின பெட்டியைத் தூக்கிட்டு என் கிளாஸ்மேட் ஒருத்தன் வீட்டுக்குப் போயிட்டேன். உள்ளூர்க்காரன். அவங்க அம்மா ஒரு தட்டு வெச்சாங்க. அப்புறம் வாராவாரம் வெச்சாங்க. அதனால நான் சொல்றது இதுதான். உங்க வீட்டுக்குப் போகாதீங்க. பக்கத்துல ஒரு வீடு பிடிச்சுக்குங்க!"

கூடம் சிரித்தது. வெளியே மரத்தடியில் அவன் கூட்டத்திலிருந்து விடுபட்டு வந்ததும், அக்கா சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"இப்ப பஸ் ஏறினா பொழுது சாயறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம். வாயேன்டா."

"இன்னைக்காக்கா? நெட்டையனோட அம்மா சமைச்சு வெச்சுட்டுக் காத்துட்டு இருப்பாங்களே" என்றான். நெட்டையன் என்பது அந்த கிளாஸ்மேட். "நீயும் வா. உன்னைப் பார்க்கணும்னு எத்தனை வருஷமா சொல்லிட்டு இருக்காங்க தெரியுமா?"

போனாள். அந்த வீட்டு வாசல்கதவின் தாழ்ப்பாள் இறுகிக் கிடந்தது. அதைக் காலால் ஓர் உதை கொடுத்துத் திறக்க வேண்டும் என்று தம்பிக்குத் தெரிந்திருந்தது. நேரே உள்ளே போய், குளிர்பெட்டியைத் திறந்து, பாட்டிலை வாயில் கவிழ்த்தான்.

"வாய் வெச்சுக் குடிக்காதேடா எருமை! எத்தனை தடவை சொல்றது?" என்று அடுக்களையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"தாகம்மா!"

"தாகம்னா டம்ளர் இல்லையா? மாடு மாதிரி."

அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். அவனை அவன் வீட்டில் யாரும் திட்டிப் பல வருஷம் ஆகியிருந்தது. விருந்தாளியை எப்படித் திட்டுவது?

நெட்டையனின் அம்மா வெளியே வந்து அவள் இரண்டு கையையும் பிடித்து உள்ளே இழுத்துப்போய்ச் சாப்பிட உட்காரவைத்தார். "நீங்கதானா அது! அன்னைக்கு நீங்க வரச் சொல்லியிருந்தா இவன் எங்களுக்கு எங்கேர்ந்து கிடைச்சிருப்பான்? பெத்தது கடல் தாண்டிப் போய் உட்கார்ந்திருக்கு. அதுவும் அங்க யாரோ ஒரு வீட்டுல தட்டு வெச்சுச் சாப்பிடுதாம். நல்லா இருக்கட்டும். எனக்கு இவன் இருக்கான்." அதைச் சொல்லும்போதே அக்காவின் தட்டில் இன்னொரு முட்டை விழுந்தது. மறுக்க வழியில்லாமல் சாப்பிட்டாள். நன்றாக இருந்தது. நன்றாக இல்லாமல் இருந்திருக்கலாம்.

கை கழுவுகிற இடத்தில் அவனைத் தனியாகப் பிடித்தாள்.

"அம்மா போர்வையெல்லாம் துவைச்சு வெச்சிருக்காங்கடா."

அவன் குழாயை மூடினான். "அங்க வந்தா என்ன பேசறதுன்னே தெரியலக்கா. அப்பா நாற்காலியை விட்டு எந்திரிச்சு எனக்கு இடம் குடுக்கறாரு. அம்மா என்ன வேணும், என்ன வேணும்னு பின்னாலயே வர்றாங்க. ஏதோ தப்பு பண்ணிட்டு வந்தவன் மாதிரி இருக்கு."

"அன்னைக்கு நான் வான்னு சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா நான் உருப்பட்டிருக்க மாட்டேன்."

"உருப்படாம வீட்டுலயே கிடந்திருப்ப."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். இருவர் சொன்னதும் சரி என்பதால் மேலே பேச ஒன்றும் இருக்கவில்லை.

பேருந்து நிலையம்வரை வந்து, ஜன்னல் ஓரமாக இடம் பிடித்துக்கொடுத்து, வண்டி திரும்பும்வரை நின்று கையசைத்தான். ஊர் எல்லை தாண்டியதும் அம்மா கூப்பிட்டாள்.

"வர்றானா?"

"ஆபீஸ்ல அவசரமாம்மா. அப்படியே திரும்பிப் போறான்."

"சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான்."

"எங்க?"

அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "ஓட்டல்ல."

"ஓட்டல்லயா? நல்லா இருந்துச்சாமா?"

"எங்க நல்லா இருந்துச்சு? வாயில வைக்க முடியலைன்னான். பாதியிலயே எந்திரிச்சுட்டான்."

"அதானே!" என்றாள் அம்மா. வருத்தமாகத்தான் சொன்னாள், ஆனால் காலையிலிருந்து இல்லாத தெம்பு அந்தக் குரலில் வந்திருந்தது. "ஊர்ல எவ அவனுக்குப் பக்குவமா செஞ்சு போடப் போறா?"

"ஆமாம்மா" என்றாள் அக்கா. உங்கள் அம்மாவுக்குக் கொடுங்கள் என்று நெட்டையனின் அம்மா கட்டிக்கொடுத்த பொட்டலம் அவள் மடியில் இன்னும் சூடாக இருந்தது.