கேமராவுக்கு இடப்பக்கம்

எங்கள் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் டி.வி.க்கு மேலே ஒரு குடும்பப் படம் தொங்குகிறது. தொண்ணூறுகளில், திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து ஸ்டூடியோ ஒன்றில் எடுத்தது. பின்னால் அருவியும் படிக்கட்டும் வரைந்த திரை. அதில் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறோம். அம்மா மடியில் இருக்கும் கைக்குழந்தையான என் தம்பி மட்டும் கண்ணை இடப்பக்கம் ஓட்டிச் சிரிக்கிறான். வருகிறவர்கள், "பையனுக்கு மாறுகண்ணா?" என்று கேட்பார்கள். பெரியப்பா, "கிறுக்குப்பய, எங்கிட்டோ வேடிக்கை பாத்துட்டான்" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தம்பி எதைப் பார்த்தான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

புது வீடு கட்டி முடித்ததும், குடும்பத்தோடு படம் எடுத்து மாட்ட வேண்டும் என்று பெரியப்பா சொன்னார். சொன்னதோடு அவர் வேலை முடிந்தது. மிச்சமெல்லாம் அத்தை தலையில். அத்தை, பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் தங்கை. வத்தலக்குண்டில் கட்டிக்கொடுத்தார்கள். அந்த ஆள் வேறொருத்தியைக் கூட்டிவந்து வீட்டிலேயே வைத்துக்கொண்டதும், ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்களிடம் வந்துவிட்டார். வேடசந்தூரில் நூல் மில் வேலை. தலையில் பஞ்சு ஒட்டியபடி மில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, எங்களைச் சுவரோரம் உயரம் பார்த்து நிறுத்துவார். "ஏலே, தோள எறக்கு. போலீசு பிடிச்சுட்டு வந்த மாதிரி நிக்காத." செவ்வாய்க்கிழமை ஆகாது, ராகுகாலம் ஆகாது. முடிவெட்டிய கையோடு போகவும் கூடாது, போனால் படத்தில் காதுதான் விழுமாம். சின்னாளப்பட்டிக்குப் போய் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் ஒரே கத்திரிப்பூ நிறத்தில் சுங்குடிச் சேலை எடுத்துவந்தார். தனக்கும் ஒன்று. ஒருநாள் ஒத்திகையில் பின்வரிசைக் கடைசியில், பெரியம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்று, "இது என் எடம்" என்றார். நடுவிலா கேட்டார்? ஓரத்தைத்தான் கேட்டார்.

அன்றைக்கு மில்லுக்கு லீவு போட்டு, அந்தச் சேலையைக் கட்டி, எங்கள் அத்தனை பேருக்கும் தலைவாரிப் பவுடர் பூசி அழைத்துப்போனவர் அவர்தான். ஸ்டூடியோவில், துபாயிலிருந்த சித்தப்பாவுக்காகப் பெரியப்பா பக்கத்தில் ஒரு நாற்காலியைக் காலியாகப் போட்டார்கள். சித்தப்பா உட்கார்ந்தபடி எடுத்து அனுப்பிய படத்தை வெட்டி அங்கே ஒட்டிவிடுவதாக ஏற்பாடு. அத்தை தன் இடத்தில் போய் நின்றார். பெரியப்பா திரும்பிப் பார்த்தார்.

"ஆத்தா, நீ செத்த கேமராப் பக்கம் போயி நில்லு. பிள்ளைக்குச் சிரிப்புக் காட்டு. இது முடியவும் உன்னய வச்சு ஒண்ணு எடுப்பம்."

"அவன் அவுக அம்மா மடியிலதானண்ணே இருக்கான்? அழமாட்டான்."

பெரியப்பா குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியும் எல்லோருக்கும் கேட்டது. "வீட்டுக்கு நாலு பேரு வருவாக. இது யாரு, ஏன் பெறந்த வீட்டுல இருக்குன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

தங்கச்சி என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. அதற்கு அந்த மனிதருக்கு வாய் வரவில்லை. அப்பா தன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அத்தை இறங்கிப் போய்க் கேமராவுக்குப் பக்கத்தில் நின்றார். விளக்குக் குடையைப் பார்த்து மிரண்டு தம்பி அழத் தொடங்கியிருந்தான். அத்தை கிலுகிலுப்பையை ஆட்டி, "அப்பு, இங்க பாரு, யாரு நிக்கிறா?" என்றதும் பொக்கை வாயைத் திறந்து சிரித்தான். வெளிச்சம் மின்னியது. பெரியப்பா எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "பசிக்குது, கெளம்புவம்" என்றார். இன்னொரு படம் என்ற பேச்சே எழவில்லை. அத்தை அந்தச் சேலையை மில்லுக்குக் கட்டிப்போயே கிழித்தார். படம் வந்தபோது, எங்கள் நிழல் ஒரு பக்கமும் சித்தப்பாவின் நிழல் மறுபக்கமும் விழுந்திருந்தது. அதை மட்டும் இன்றுவரை யாரும் ஏனென்று கேட்டதில்லை.

தம்பி கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த நாளில் அத்தை இறந்தார். அஞ்சலிச் சுவரொட்டிக்கு அவருடைய படம் ஒன்றுகூட இல்லை. கடைசியில் வாக்காளர் அட்டையிலிருந்த மங்கல் முகத்தைத்தான் பெரிதாக்கினார்கள். காரியம் முடிந்து பெரியப்பா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். பெரியப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இப்பத்தான் கம்ப்யூட்டர்ல எல்லாம் பண்ணுறானுகளே. அந்த அட்டைப் படத்தக் குடுத்து அவளயும் பின்னாடி சேத்துருவம். அப்படியே பயலோட கண்ணையும் நேராக்கிருவாக."

நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. உயிரோடு, பூ வைத்து, புதுச்சேலை கட்டி வந்து நின்றவருக்கு இல்லாத இடம், அவர் செத்த பிறகு அட்டைப் படத்துக்குக் கிடைக்கிறது. செத்தவள் ஏன் பிறந்த வீட்டில் இருக்கிறாள் என்று யாரும் கேட்கப்போவதில்லையே.

நான் வாயைத் திறக்கும் முன்பே தம்பி எழுந்துவிட்டான். "பெரியப்பா, என் கண்ணுல கை வைக்காதீக."

"ஏம்ப்பா, நேரா இருந்தா நல்லாத்தான இருக்கும்?"

"நான் நேராத்தான் பாக்குறேன். அத்தையப் பாக்குறேன்."

அதோடு படம் ஸ்டூடியோவுக்குப் போகவில்லை. இப்போதும் அங்கேதான் தொங்குகிறது. புதிதாக வருகிறவர்கள் இப்போதும் மாறுகண்ணா என்று கேட்கிறார்கள். பெரியப்பா முன்போலச் சிரிப்பதில்லை, தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போய்விடுவார். நான் அங்கே இருந்தால், சமையலறை வரை கேட்கும்படி பதில் சொல்வேன்:

"மாறுகண்ணு இல்லங்க. அந்தப் பக்கம் எங்க பெரியப்பாவோட தங்கச்சி நின்னாக."