மேட்டிலிருந்து இறங்கி வந்த வலி

அவசரப் பிரிவில் இசிஜி எடுக்கும் அந்த நர்ஸைக் கண்டதுமே, ஊரின் நெஞ்சுவலிக்காரர்களில் பாதிப் பேர் குணமாகி எழுந்து ஓடியிருக்கிறார்கள். சரி, பாதிப் பேர் என்பது கொஞ்சம் அதிகம்தான். ஓடியது ஒரே ஒருவர். அவரும் கழிப்பறையைத் தேடித்தான் ஓடினார். ஆனால் வலியை விசாரிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது என்பது கலப்படமில்லாத உண்மை.

"எங்க வலிக்குது?" என்று கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்க்க மாட்டாள், கையைப் பார்ப்பாள். ஒற்றை விரலால் தொட்டுக் காட்டினால் பெரும்பாலும் தசைப்பிடிப்பு. முஷ்டியை மடக்கி நெஞ்சில் அழுத்தினால் அவள் நடை ஓட்டமாகிவிடும். அந்தப் 'பெரும்பாலும்' மீது அவளுக்கு நம்பிக்கை கிடையாது. அதனால் இருவருக்கும் இசிஜி உண்டு.

ஒரு நாள் காலையில் தபால் பையும் வியர்வையுமாகக் கட்டிலில் வந்து உட்கார்ந்தவர் அவளுடைய சொந்த அண்ணன். தபால்காரர்.

"வாயுதான், வேற ஒண்ணுமில்ல" என்றவர், சாட்சிக்கு ஓர் ஏப்பமும் விட்டார்.

"கட்டடமே ஆடிப்போச்சு. சட்டையைக் கழட்டு."

இசிஜி தாளில் ஒரு குறையும் இல்லை. அவர் பொத்தானைப் போடத் தொடங்கிவிட்டார். நெஞ்சில் கோளாறு என்று யாராவது எழுதிவிட்டால், தெருவை விட்டுத் தூக்கி முத்திரை குத்தும் நாற்காலியில் போட்டுவிடுவார்களே என்பதுதான் அவர் கவலை. இருபத்தாறு வருடம் நடந்த கால்கள்.

வாயுவாகவே இருந்துவிடட்டும் என்று அவளுக்கும் ஆசைதான். ஆனால் வாயு என்று சொன்னபோது அவர் கை முஷ்டியாக இருந்தது.

"அண்ணா, எந்த வீட்டுக்கிட்ட வலிக்குது?"

அவருக்கு எதில் வேண்டுமானாலும் பொய் வரும், முகவரியில் வராது.

"மேட்டுத் தெருவுல. போன மாசம் உச்சியில, முப்பதாம் நம்பர்கிட்ட. போன வாரம் பதினாலுல. கொஞ்சம் நின்னா போயிடும். யாரும் என்னன்னு கேட்டுடக் கூடாதேன்னு லெட்டரைப் புரட்டுற மாதிரி நிப்பேன்."

"இன்னைக்கு?"

பொத்தானிலிருந்து அவர் கை நழுவியது. "ரெண்டாம் நம்பர். மேடு ஆரம்பிக்கிற இடத்துலயே."

அவள் டாக்டரிடம் ஓடினாள்.

"இசிஜி நல்லாத்தானே இருக்கு, சிஸ்டர்?"

"அது படுத்துக்கிட்டிருக்கிற மனுஷனைத்தான் பாத்துச்சு, டாக்டர். வலி மேட்டுல இருந்து வீடு வீடா இறங்கி வந்துக்கிட்டிருக்கு."

டாக்டர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. ரத்தம் எடுத்தார்கள், மாத்திரையை மென்று விழுங்கச் சொன்னார்கள், அவரை எழுந்திருக்கவே விடவில்லை. சிறிது நேரம் கழித்து எடுத்த இரண்டாவது இசிஜியில் கோடு மாறியிருந்தது. அடைத்திருந்த ரத்தக்குழாயை மதியத்துக்குள் திறந்துவிட்டார்கள். தபால் பையை அவர் மடியிலிருந்து பிடுங்கத்தான் இரண்டு பேர் வேண்டியிருந்தது.

இரண்டு மாதத்துக்குப் பிறகு, டாக்டர் சரி என்றதும், அவருக்குத் தெரு திரும்பக் கிடைத்தது. முதல் நாள் வேலை முடித்து அவர் அவசரப் பிரிவின் வாசலுக்கு வந்தபோது, உள்ளே தங்கை எல்லோரிடமும் அளந்துகொண்டிருந்தாள்.

"எங்க அண்ணன் மேட்டை ஒரே ஓட்டமா ஏறிட்டார். நடுவுல ஒரு இடத்துல நிக்கணுமே!"

"ஓடல, நடந்தேன்" என்றார் வாசலில் நின்றவர். "பதினாலுல நின்னேன்."

அவள் முகம் வெளுத்தது.

"பயப்படாதே. இந்தத் தடவை அந்த வீட்டுக்கு நிஜமாவே லெட்டர் இருந்துச்சு."