எதிர்ப் படியில் வந்தவள்

நம்புகிறவர்கள் நம்புங்கள். சத்தியமாக எனக்கு நடந்தது இது. ஆனால் என் மகள் தலையில் இரண்டு கையையும் வைத்துச் சொல்லு என்று மட்டும் கேட்காதீர்கள். முடியாது. ஏன் என்று கடைசியில் தெரியும்.

போன ஆகஸ்ட் மாதம். எங்களுக்கு ஊர் தெர்னி. லீவு வந்தால் என் மனைவி தூல்லியா காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி பறப்பாள். அன்று காலையில் அசீசி, மதியம் ஓர்வியேத்தோ என்று சுற்றினோம். மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு, ஆறு வயது லாவினியா வழியெல்லாம் தொணதொணத்துக்கொண்டே வந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது.

ஓர்வியேத்தோவில் பாறையைக் குடைந்த பழைய கிணறு உண்டு. உள்ளே சுற்றிச் சுற்றி இரண்டு படிக்கட்டு. ஒன்றில் இறங்கி, அடியில் சின்னப் பாலத்தைத் தாண்டி, மற்றதில் ஏற வேண்டும். வழியில் இரண்டும் எங்கேயும் சேராது. நடுக்குழியைப் பார்த்த ஜன்னல் வழியாக எதிர்ப்படியில் போகிறவர்களைப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

"எனக்கு மூச்சு முட்டும். நீயே கூட்டிட்டுப் போ எல்மோ." தூல்லியா இறங்கும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "கையை விட்டுடாதே. உன் லட்சணம் எனக்குத் தெரியும்."

மூன்று பத்துக்கு இறங்கினோம்.

எதிர் ஜன்னலில் ஒரு பெண். லாவினியா கையசைத்தாள். அவளும் அசைத்தாள்.

இன்னொரு சுற்று இறங்கினோம். மறுபடி அவளே... நேர் எதிரே.

என்னவோ உறுத்தியது. அது ஏறுகிற படி. அவள் இறங்கிக்கொண்டிருந்தாள்.

பாலத்தில் ஒரே கூட்டம். அவளைக் காணோம். போட்டோ எடுக்க லாவினியாவின் கையை விட்டேன். ஒரு நொடிதான். மறுபடி இடது கையை நீட்டியதும் சின்னக் கை ஒன்று பிடித்துக்கொண்டது. ஈரமாக இருந்தது.

"தண்ணியில கை விட்டியா, கழுதை?"



ஏறினோம். பாதிக் கிணறு தாண்டியும் ஒரு வார்த்தை இல்லை. வாய் ஓயாத பிள்ளை...

சொட்... சொட்... பக்கத்தில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும்.

எதிர் ஜன்னலில் அந்தப் பெண் தெரிந்தாள். இப்போது இறங்குகிற படியில் ஏறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு மஞ்சள் தொப்பி.

"லாவினியா!"

எதிரே தொப்பி திரும்பியது. "அப்பா!" என்று சிரித்தாள் என் மகள்.

அப்படியென்றால்... என் கையில்?

குனிந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

உதறினேன். அந்தக் கை இறுக்கிப் பிடித்தது.

ஐயோ, என் பிள்ளையை யாரோ ஒருத்தி கூட்டிப்போகிறாளே...

ஓடினேன்.

வெளிச்சம்.

கை காலி.

சுற்றிக்கொண்டு இறங்கும் வாசலுக்கு ஓடினேன். தூல்லியாவின் மடியில் லாவினியா, முழுசாக. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"குழந்தை தனியா வந்து நிக்குது! நீ எங்கே போய்த் தொலைஞ்சே?"

"தனியா இல்லம்மா. அந்த ஆன்ட்டிதான் கூட்டிட்டு வந்தாங்க. வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டாங்க."

தூல்லியா யாரையும் பார்க்கவில்லை.

செப்டம்பரில் பள்ளி திறந்தது. தினமும் நான்தான் நடத்திக் கூட்டிப்போவேன். இடது கையை நீட்டினால் லாவினியா சுற்றிக்கொண்டு வலது பக்கம் வருவாள். ஒருநாள் எரிச்சலில் கேட்டேன்.

"இந்தக் கைக்கு என்னடி குறைச்சல்?"

"அதை அவ பிடிச்சிருக்காளேப்பா. அந்த ஆன்ட்டிதான் அவ அம்மா. அவங்களால வெளியே வர முடியாதாம். அவளை உன்னைப் பாத்துக்கச் சொன்னாங்க."

என் இடது கையைப் பார்த்தேன். சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது.

அன்று மழை இல்லை.