அக்மாரல் விருந்துக்குக் காத்திருந்தது

சாவி கைக்கு வந்த அன்றே குடிபோக வேண்டும் என்று அக்மாரல் ஒற்றைக்காலில் நின்றாள். கரகண்டா நகரத்தின் கடைசிப் பேருந்து நின்று திரும்பும் இடத்தில், அதற்கப்பால் புல்வெளியும் காற்றும் மட்டுமே இருக்கிற ஓரத்தில், புதிதாக எழும்பிய ஐந்து மாடிக் கட்டடம். அதில் மூன்றாம் மாடி, எட்டாம் எண். மின்சாரம் இன்னும் வரவில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீருக்கு முன்னால் துரு வந்தது.

"ஒரு வாரம் போகட்டும், எல்லாம் சரியானதும் போலாம்" என்றான் கணவன் மார்குலான்.

"எட்டு வருஷம் போயாச்சு. இனி எட்டு நிமிஷம்கூடப் போகவிட மாட்டேன்" என்றாள் அவள்.

அன்று பிள்ளைகள் நாலும் குளிர்கோட்டைக் கழற்றாமலே தூங்கின. அக்மாரல் மட்டும் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்தாள். மூன்று அறைதான். ஆனாலும் ரொம்ப நேரம் நடந்தாள்.

எட்டு வருஷம் என்றது அரசாங்க வீட்டுப் பட்டியலில் பெயர் ஊர்ந்த காலம். ஆனால் அவள் அடுத்தவர் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தது அதற்கும் முன்பிருந்தே. இருபத்தொரு வயதில் கல்யாணமாகி மாமியார் வீட்டுக்குப் போனாள். சாப்பாட்டு விரிப்பில் வாசற்கதவுக்குப் பக்கத்து இடம் மருமகளுடையது. எல்லோருக்கும் தேநீர் ஊற்றி முடித்தபின் மிச்சமிருந்தால் அவள் கோப்பை நிறையும். பிறகு நகரத்துக்கு வந்து மார்குலானின் அண்ணன் வீட்டில் ஓர் அறை. அந்த ஓர் அறையில்தான் நாலு பிள்ளைகளும் பிறந்து வளர்ந்தன. அண்ணன் மனைவி குல்பாராம் நல்ல மனுஷி. தான் நல்ல மனுஷி என்பதை ஒரு நாளைக்கு மூன்று முறை ஞாபகப்படுத்தவும் செய்வாள். அங்கே அக்மாரல் கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்தப் பழகியிருந்தாள்.

புது வீட்டில் முதல் வேலையாகச் சமையலறைக் கதவைப் படாரென்று சாத்திப் பார்த்தாள். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அன்று முழுக்க அவளுக்குச் சிரிப்பாகவே இருந்தது.

சிரிப்பு மூன்று வாரம் தாங்கியது. மார்குலான் செம்புச் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறவன். பதினைந்து நாள் அங்கே, பதினைந்து நாள் இங்கே. அவன் போனதும் வீட்டில் பேச ஆளில்லாமல் போயிற்று. மூத்தவள் இன்ஜுவுக்கு ஏழு வயது, பள்ளிக்கூடம். அடுத்தவன் சான்ஜாருக்கு ஐந்து, அவனும் பகலெல்லாம் மழலையர் பள்ளியில். மிச்சம் இரண்டு வயது இரட்டையர் அசானும் உசேனும். அந்த இருவரும் தங்களுக்குள் பேசிக்கொள்வார்களே தவிர அம்மாவை ஒரு வேலைக்காரியாகத்தான் மதித்தார்கள்.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். எருலிக் வரவில்லை என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

புதிதாகக் குடிவந்தவரை அங்கே முன்பே இருக்கிறவர் கூப்பிட்டு விருந்து வைக்க வேண்டும். அதுதான் எருலிக். கூடாரத்தைக் கழற்றி ஒட்டகத்தில் ஏற்றித் திரிந்த காலத்திலிருந்து நடக்கிற வழக்கம். கறியும் மாவுமாகப் பெரிய விருந்து வைக்க வசதியில்லை என்றால் ஒரு கோப்பைத் தேநீர், ஒரு துண்டு ரொட்டி போதும். ஆனால் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால்தான் வந்தவள் அந்த ஊர்க்காரி. கூப்பிடாவிட்டால் அவள் வழிப்போக்கி.

அந்தக் கட்டடத்தில் மாடிக்கு மூன்று வீதம் பதினைந்து வீடு. நாலு பிள்ளைக்குக் குறைந்தவர்களுக்கு அங்கே வீடே ஒதுக்கவில்லை என்பதால், மாலை நாலு மணிக்குப் படிக்கட்டில் அறுபது பிள்ளைகள் உருண்டன. பதினைந்து அடுப்பிலிருந்தும் வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. ஒரு கதவுகூட அவளுக்காகத் திறக்கவில்லை. எதிர்வீட்டு ஏழாம் எண்காரி வாசலில் சிவப்புக் கம்பளம் போட்டிருந்தாள். படியில் பார்த்தால் தலையை ஒரு விரற்கடை அசைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். உள்ளூர்த் திமிர் என்று அக்மாரல் அவளுக்குப் பெயர் வைத்தாள்.

அக்மாரலும் லேசுப்பட்டவள் இல்லை. வீம்பு அவளுக்கு மூக்குக்கு மேல். "கூப்பிடாத வீட்டு வாசப்படிய எவன் மிதிச்சாலும் கால ஒடச்சிருவேன்" என்று பிள்ளைகளுக்குச் சட்டம் போட்டாள்.

"ஏழாம் நம்பர்ல ஒரு ஆமை இருக்காம்மா" என்று சான்ஜார் அழுதான்.

"இருக்கட்டும். ஆமைய இங்க வந்து பாக்கச் சொல்லு."

"அது மெதுவாத்தான் வரும்மா."

"வரட்டும். நமக்கு என்ன அவசரம்?"

இரண்டு மாதம் ஆயிற்று. ஆமையும் வரவில்லை, மனுஷரும் வரவில்லை. பனி விழ ஆரம்பித்தது. குல்பாராம் தினமும் கைப்பேசியில் கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"என்னடி, எருலிக் ஏதாவது வந்துச்சா?"

"வந்து மாளல, அக்கா. நேத்து ஒரு வீடு, இன்னிக்கி ஒரு வீடு. வயிறே சரியில்ல."

"அப்புறம் ஏன் குரல் மூக்கால வருது?"

அக்மாரலுக்கு அழுகைதான் வந்தது.

"பொய் சொல்லவும் ஒரு சாமர்த்தியம் வேணும்டி. ரூம் சும்மாதான் கெடக்கு. பேசாம இங்க வந்துரு. அந்த வீட்டப் பூட்டிப் போடு, ஓடியா போயிரும்?"

அன்றிரவு மார்குலானைக் கைப்பேசியில் கூப்பிட்டு அவளே சொன்னாள். "நீ சனிக்கெழம வர்றதுக்குள்ள இங்க ஒருத்தியாவது என்னை மனுஷியா மதிச்சு ஒரு வாய் டீக்குக் கூப்பிட்டா இருக்கேன். இல்லன்னா ஒங்க அண்ணன் வீடுதான். வரும்போதே லாரியோட வா."

"எட்டு வருஷம் காத்திருந்தது இதுக்கா?" என்றான் அவன்.

அவள் கைப்பேசியை வைத்துவிட்டாள். மறுநாள் துணிகளை மூட்டை கட்டத் தொடங்கினாள். இரட்டையர் மூட்டைகளை அவிழ்த்தார்கள். அவள் மறுபடி கட்டினாள். செவ்வாய் முழுவதும் இதுவே நடந்தது.

புதன்கிழமை காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பனி ஒட்டிய பூட்ஸ்களை எடுக்க வெளியே ஓரடி வைத்தாள். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. புல்வெளிக் காற்று ஒரே வீச்சில் உள்ளே புகுந்து கதவை அறைந்து சாத்தியது. உள்ளேயிருந்து திறக்கலாம், வெளியிலிருந்து சாவி வேண்டும். சாவி உள்ளே, கைப்பேசி உள்ளே, பால் உள்ளே, இரட்டையர் உள்ளே. வெளியே ஏப்ரனோடு, வெறுங்காலோடு அக்மாரல்.

"அசான்! கண்ணு! அந்தக் குமிழ இப்படித் திருப்பு!"

உள்ளே இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு ஏதோ பெரிதாக விழுந்தது. சிரிப்பு இன்னும் கூடியது.

எதிரே சிவப்புக் கம்பளம். மூன்று எட்டு வைத்தால் போதும். உண்மையைச் சொல்லவேண்டும், அந்த நிலையிலும் அவள் கொஞ்சம் தயங்கினாள். பால் தீயும் வாசனை கதவிடுக்கில் வந்ததும்தான் ஓடிப்போய் இரண்டு கையாலும் ஏழாம் எண்ணைத் தட்டினாள்.

இடுப்பில் கைக்குழந்தையோடு ஏழாம் எண்காரி கதவைத் திறந்தாள். கலம்காஸ் அவள் பெயர். ஒரு பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது. குழந்தையைக் கம்பளத்தில் உட்காரவைத்துவிட்டுத் தன் வீட்டுச் சாவியையே கையில் எடுத்தாள்.

"இது ஒங்க வீட்டுச் சாவியாச்சே" என்றாள் அக்மாரல்.

"கட்டினவன் எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டத்தான் மாட்டியிருக்கான் போல. போன வாரம் எங்க வீட்டுக்காரரு மாடி மறந்து மேல போயி, பத்தாம் நம்பரத் தெறந்து சோபால உக்காந்து சூப் கேட்டாரு. அந்தம்மா கரண்டியால போட்டா ஒரு போடு!"

சாவி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. உள்ளே பால் பொங்கி அடுப்பை அணைத்து, எரிவாயு வாடை லேசாக வர ஆரம்பித்திருந்தது. கலம்காஸ் பாய்ந்து போய்க் குமிழைத் திருகினாள். உசேன் மாவு டப்பாவுக்குள் உட்கார்ந்திருந்தான். அசான் மேலே நின்று இன்னும் தூவிக்கொண்டிருந்தான். அக்மாரல் இருவரையும் அள்ளிக் கட்டிக்கொண்டு அப்படியே தரையில் சரிந்தாள்.

கலம்காஸ் துணியெடுத்து அடுப்பைத் துடைத்தாள், ஜன்னலை அகலத் திறந்தாள். பிறகு, வேலை முடிந்தது என்பதுபோல வாசற்படிக்கு வெளியே போய், கம்பளத்திலிருந்த குழந்தையை இடுப்பில் எடுத்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள வந்து உக்காருங்களேன்" என்றாள் அக்மாரல்.

"வேண்டாம். கூப்பிடாத வீட்ல உக்காரக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லி வளத்திருக்கா."

அக்மாரலுக்குச் சுருக்கென்றது. பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. "ஏன், நீங்க கூப்பிட்டீங்களா? ரெண்டு மாசமா பச்சப்புள்ளைங்கள வச்சுக்கிட்டு எதிர்ல கெடக்கேன். புதுசா வந்தவளுக்கு ஊத்த ஒரு கோப்ப டீ இல்லையா ஒங்க வீட்ல?"

கலம்காஸ் கண்ணை அகல விரித்தாள். "புதுசா வந்தவளா? யாரு? நாங்க பிரிட்ஜத் தூக்கிட்டு ஏறும்போது ஒங்க ஜன்னல்ல திரை தொங்குச்சு! வாசல்ல ஆறு ஜோடிப் பூட்ஸ் இருந்துச்சு! நீங்க கூப்பிடுவீங்க, நீங்க கூப்பிடுவீங்கன்னு எருலிக்குன்னே புதுத் துணி எடுத்து வச்சிருக்கேன். பத்தாம் நம்பர் கேக்குறா, பதினாலாம் நம்பர் கேக்குறா, எட்டாம் நம்பர்க்காரிக்கு என்ன இவ்ளோ திமிருன்னு. நான்தான், பாவம் நாலு புள்ள வச்சிருக்கா, கொஞ்சம் பொறுப்போம்னு சொல்லிட்டிருக்கேன்."

"இங்க எல்லாருக்கும் நாலு புள்ளதானே" என்றாள் அக்மாரல். சொல்ல வேறு எதுவும் தோன்றவில்லை.

மெழுகுவத்தியோடு நடந்த அந்த முதல் நாள் இப்போதுதான் அவளுக்கு வேறு மாதிரி உறைத்தது. அன்று கட்டடத்தில் வேறு வெளிச்சமே இல்லை. பதினைந்து வீட்டில் பதினாலு வீடு தனக்குப் பிறகு வந்தது. அடுத்தடுத்த நாளில் படிக்கட்டில் கட்டிலும் பீரோவும் ஏறிய சத்தம் கேட்டும் அவள் அதை யோசிக்கவில்லை. பதினாலு பெண்கள் இரண்டு மாதமாக அவள் கதவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவள் முகம் காது வரை சிவந்துபோயிற்று.

கலம்காஸின் பார்வை மூட்டைகள் மேல் விழுந்தது. "அது என்ன? எங்கயாவது கெளம்புறீங்களா? அடி ஆத்தி, எங்களக் கூப்பிட வேண்டியிருக்குமேன்னு பயந்து ஊர விட்டே ஓடுறீங்களா?"

முதலில் சிரித்தது அக்மாரல்தான். சிரிக்க ஆரம்பித்து, பாதியில் அழுது, மாவுக் கையால் முகத்தைத் துடைத்து வெள்ளைப் பேயாகிவிட்டாள். கலம்காஸ் படி தாண்டி உள்ளே வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "எனக்கும் இங்க யாரையும் தெரியாது. ஒங்க கதவு படார் படார்னு சாத்துற சத்தம் கேட்டா, சரி, பக்கத்துல ஆள் இருக்குன்னு தைரியமா இருக்கும்" என்றாள்.

"சனிக்கெழம எருலிக்" என்றாள் அக்மாரல். "எல்லாரும் வாங்க. பதினாலு வீடும். ஆனா எங்கிட்ட எட்டுக் கோப்பதான் இருக்கு, மேஜ கெடையாது."

"மேஜ எதுக்கு? தரை இருக்குல்ல. கோப்பய அவங்கவங்க கொண்டுவரட்டும்."

குளிர்காலம் முழுவதுக்கும் என்று அக்மாரலின் அப்பா அனுப்பிய குதிரைக்கறி பால்கனியில் உறைந்து கிடந்தது. பாதியை வெட்டி எடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை முழுக்க மாவு பிசைந்தாள். மூட்டைகளை அவிழ்த்து விரிப்பும் திண்டும் எடுத்தாள். இந்த முறை இரட்டையர் அவிழ்த்ததை அவள் திருப்பிக் கட்டவில்லை. இன்ஜு மாடி மாடியாக ஏறிக் கதவு தட்டி அழைத்தாள். தட்டுவதற்கு முன்னாலேயே கதவைத் திறந்தார்களாம். எல்லார் வீட்டிலும் ஒரு வாய் ரொட்டி கொடுத்தார்களாம். ஐந்தாம் மாடியிலிருந்து இறங்கும்போது நடக்கவே முடியவில்லையாம்.

சனிக்கிழமை மதியம் மார்குலான் வாடகை லாரியோடு வந்தான். லாரிக்காரனைக் கீழே இருக்கச் சொல்லிவிட்டு ஏறினால், இரண்டாம் மாடியிலேயே செருப்பும் பூட்ஸும் ஆரம்பித்தன. மேலே போகப் போகக் கால் வைக்க இடமில்லை. தன் வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதோ என்று அவன் ஓடினான். உள்ளே அறுபது பிள்ளைகள் வாழ்த்தி இறைத்த மிட்டாய்க்காக உருண்டுகொண்டிருந்தன. மத்தியில் ஒரு ஆமை, அதன் முன்னால் குப்புறப் படுத்துக்கொண்டு சான்ஜார். அப்பா வந்ததை அவன் பார்க்கக்கூட இல்லை.

கையில் கரண்டியோடு யாரோ ஒரு பெண் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க எந்த நம்பர்? புதுசா வந்தீங்களா? வாங்க வாங்க, சாப்பிடுங்க. நாளைக்கு எங்க வீட்டுக்கு வந்துருங்க."

மார்குலான் தலையாட்டிவிட்டு மனைவியைத் தேடினான். வழக்கமாக அவள் உட்காரும் கதவோரத்தில் பார்த்தான். அங்கே கலம்காஸ் உட்கார்ந்து எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அக்மாரல் விரிப்பின் தலைமாட்டில், பெரியவர்கள் உட்காரும் இடத்தில், மடியில் அசான், தோளில் உசேன், முன்னால் நிறைந்த கோப்பையோடு இருந்தாள். பல வருஷமாக அவன் அவளை அந்த இடத்தில் பார்த்ததே இல்லை.

குனிந்து அவள் காதில் சொன்னான். "லாரி கீழ நிக்குது. அண்ணி ரூமக் கூட்டி வச்சிருக்காங்க."

"எதுக்கு?"

"நீதானே போலாம்னு சொன்ன?"

"எல்லா வீட்லயும் நான் கடைசியா வந்தவ" என்றாள் அக்மாரல். "ஒங்க அம்மா வீட்ல, ஒங்க அண்ணன் வீட்ல. இங்க நான்தான் மொதல்ல வந்தவ. நான் போயிட்டா வர்றவங்கள யாரு கூப்பிடுறது? நீ உக்காரு மொதல்ல, கறி ஆறிப்போவுது."

அவன் உட்கார்ந்தான். கீழே லாரிக்காரன் பொறுமையிழந்து ஹாரன் அடித்தான். அக்மாரல் எழுந்து ஜன்னலைத் திறந்து, மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி, வண்டியை அணைத்துவிட்டு மேலே சாப்பிட வரச் சொல்லிக் கத்தினாள்.