பலமான அணியை நாங்களே கூப்பிட்ட வருடம்

1. ஒரு ஃபாக்ஸ், இரண்டு பதில்

ஒரு திங்கட்கிழமை காலை என் மேசையில் இரண்டு துண்டுக் காகிதங்கள் கிடந்தன. ஒன்றில் கழகத் தலைவர் ஹெர் பிரென்னரின் கையெழுத்தில், "அமெரிக்கர்களுக்கு நன்றி சொல்லி, முடியாது என்று எழுதவும்" என்றிருந்தது. மற்றது பயிற்சியாளர் டேல் எழுதியது. "வரச் சொல்லவும். இன்றைக்கே." இரண்டும் ஒரே ஃபாக்ஸுக்கான பதில்கள். அனுப்ப வேண்டியவள் நான்.

கொலோனுக்குப் பக்கத்தில், றைன் ஆற்றங்கரையில் உள்ள ஒரு சிறு நகரத்தின் அமெரிக்கன் ஃபுட்போல் கழகத்தில் தொண்ணூறுகளில் எட்டு வருடம் வேலை செய்தேன். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலத் தட்டச்சாளராக இருந்தவள், அகதியாக ஜேர்மனிக்கு வந்து, முதலில் அந்தக் கழகத்தின் உடைமாற்றும் அறைகளைக் கழுவினேன். ஒருநாள் தலைக்கவசம் செய்யும் அமெரிக்கக் கம்பனியிடமிருந்து கடிதம் வந்தது. டேல் ஊரில் இல்லை. ஹெர் பிரென்னர் அதைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்துவிட்டார். நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு, வாசித்து எனக்குத் தெரிந்த டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், சொன்னேன். அடுத்த வாரம் எனக்கு ஒரு மேசையும் தொலைபேசியும் தந்தார்கள். எந்த அணியோடு, எந்த மைதானத்தில், எந்த நாளில் ஆட்டம் என்று பேசித் தேதி குறிப்பது, டொச்சில் சொன்னால் டெர்மின் போடுவது, அதுதான் வேலை. எல்லோரும் என்னை றாணி என்றார்கள்.

விளையாட்டைப் பற்றி இரண்டு வரி. பெயர் ஃபுட்போல் என்றாலும் பந்து காலில் படுவது அபூர்வம். பதினொரு பேர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பத்து யார் தூரம், அதாவது பத்துக் கெஜம், முன்னேறப் பார்ப்பார்கள். அதற்கு நான்கு முயற்சி உண்டு. எதிரே பதினொரு பேர் அவர்களைத் தள்ளி விழுத்துவார்கள். மிச்ச விதி எல்லாம் இதற்கு மேல் கட்டியதுதான்.

லீக் ஆட்டங்களைச் சங்கம் தீர்மானித்து அனுப்பிவிடும். அதற்கு முன்னுள்ள மார்ச் மாத வாரங்கள் மட்டும் எங்கள் கையில். யாரைக் கூப்பிடுவது என்பது எங்கள் இஷ்டம். சண்டை அங்கேதான் தொடங்கும். டேல் முன்பு அமெரிக்காவில் ஒரு சிறு கல்லூரியில் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். அவரும் மற்றவர்களும் ஆங்கிலத்திலும் டொச்சிலும் பேசியவற்றை என் பேச்சிலேயே தருகிறேன்.

"எங்கட கல்லூரியளுக்கும் இப்பிடித்தான், றாணி," என்றார் சுவர் நாட்காட்டியைக் காட்டி. "கூட்டமைப்புக்குள்ள விளையாடுற ஆட்டம் எழுதி வந்திடும். வெளி ஆட்டங்களைத் தாங்களே தேடோணும். சில பேர் லேசான ஆக்களைக் கூப்பிட்டு அடிச்சுப்போட்டு நெஞ்சை நிமித்திக்கொண்டு லீக்குக்குப் போவினம். சில பேர் தங்களை அடிக்கக்கூடிய ஆக்களைத் தேடிப் போவினம்."

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"ரெண்டும் செய்து, ரெண்டிலயும் அடி வாங்கினனான்."

முந்தைய வருடம்தான் நாங்கள் முதற் பிரிவுக்கு ஏறியிருந்தோம். லீக்குக்கு முன் மூன்று இலகுவான அணிகளோடு ஆடி மூன்றிலும் வென்றோம். முதல் லீக் ஆட்டத்தில் எதிரணியின் வேகம் எங்கள் ஆட்களுக்குப் புரியவே இல்லை. அந்த வருடம் பெரும்பாலான ஆட்டங்களில் தோற்று, கடைசி வாரத்தில்தான் கீழே இறங்காமல் தப்பினோம். மறுபடி அப்படி நடந்தால் தப்ப முடியாது. அதில் இருவருக்கும் ஒரே கருத்து. டேல், அதனால்தான் பலமானவர்களைக் கூப்பிட வேண்டும் என்றார். தோற்றுத் தோற்று மனம் ஒடிந்தவர்களை இன்னொரு தரம் ஒடிக்கக்கூடாது என்றார் ஹெர் பிரென்னர். இரண்டும் எனக்கு நியாயமாகவே பட்டன.

ஃபாக்ஸ் வந்தது அமெரிக்காவின் ஒரு கல்லூரி அணியிடமிருந்து. விடுமுறையில் ஜேர்மனிக்கு வருகிறார்கள், ஒரேயொரு சனிக்கிழமை வெறுமையாக இருக்கிறது, ஆட விருப்பமா என்று பல கழகங்களுக்கும் கேட்டு அனுப்பியிருந்தார்கள்.

நான் இரண்டு துண்டுகளையும் எடுத்துக்கொண்டு போய் இருவர் முன்னாலும் வைத்தேன். "எனக்கு ஒரு ஃபாக்ஸ்தான் அனுப்ப ஏலும்," என்றேன். கடைசியில் ஆட்டக்காரரையே கேட்பது என்று முடிவானது.

செவ்வாய்க்கிழமை பயிற்சியின்போது அதை டொச்சில் வாசித்தேன். நடுவில் நின்று பந்தை எடுத்துக் கொடுக்கும் ஊவே, பகலில் ட்ராம் ஓட்டுபவர், கையை உயர்த்தினார்.

"அவை எங்களை எவ்வளவுக்கு வெல்லுவினம்?"

"எண்ணாமல் விடுறது நல்லது," என்றார் டேல்.

ஊவே உயர்த்திய கையை இறக்கவில்லை. "அப்ப கட்டாயம் வரச் சொல்லுங்கோ. அவ்வளவு பெரிய வித்தியாசம் எண்டால் அது என்னெண்டு கிட்ட நிண்டு பாக்கோணும்."

கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. ஹெர் பிரென்னர் தன் பக்கம் தோற்றதை மரியாதையாக ஏற்றுக்கொண்டார். என்னிடம் மட்டும் ஒன்று சொன்னார். "நாங்கள் பெரிய அணி எண்டு எழுதி அவையை ஏமாத்தாதேங்கோ. உள்ளதை எழுதுங்கோ."

நான் எழுதினேன்: "நாங்கள் பகலில் வேலைக்குப் போய் மாலையில் பயிற்சி எடுப்பவர்கள். நீங்கள் வெல்வீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் முழுப் பலத்தோடு விளையாடும்படி கேட்டுக்கொள்கிறோம்."

அந்தச் சனிக்கிழமைக்கு ஏற்கெனவே ஓர் இலகுவான அணி இருந்தது. அவர்களைக் கெஞ்சி ஒரு வாரம் முன்னுக்கு மாற்றினேன்.

2. பேருந்திலிருந்து இறங்கியவர்கள்

மைதானத்தைப் பராமரித்தவர் மன்னாரைச் சேர்ந்த சூசை அண்ணை. கழகத்தில் என்னோடு தமிழ் பேச இருந்த ஒரே ஆள். அன்று விடியவே வந்து வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, தோக்கப் போறது தெரிஞ்சும் நான் ஏன் இவ்வளவு நேராக் கோடு போடுறன்?"

"அவையள் பாப்பினம் எல்லோ, அண்ணை."

"ஓம், அதுவும் சரிதான்," என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் வளைந்திருந்த ஒரு கோட்டை மறுபடி போட்டார்.

பத்து மணிக்கு இரண்டு பேருந்துகள் வந்தன. இருபது வயதுக்காரர் அறுபது பேர் என்றால் கூச்சலாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் பேசாமல் இறங்கினார்கள். இரண்டிரண்டு பேராக மைதானம் முழுவதும் நடந்தார்கள். ஈரமாயிருந்த மூலைகளில் குதிக்காலால் அழுத்திப் பார்த்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கதவு நிலையில் தலை முட்டும் உயரத்திலிருந்த ஒருவன் சூசை அண்ணையிடம் போய், கோடுகளைக் காட்டி ஏதோ சொல்லிக் கைகுலுக்கினான். அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பிறகு உடம்பைச் சூடாக்கத் தொடங்கினார்கள். அறுபது பேரும் ஓடி வந்து ஒரே அடியில் நின்றார்கள். நூற்றிருபது காலணிகள் நின்ற சத்தம் ஒரே சத்தமாகக் கேட்டது. யாரும் கட்டளை இடவில்லை, விசில் ஊதவில்லை. பக்கத்தில் நின்ற ஹெர் பிரென்னர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

3. முதல் ஆட்களே வரட்டும்

முதல் மோதலிலேயே ஊவேயின் இரண்டு கால்களும் நிலத்தை விட்டுக் கிளம்பியதைக் கண்டேன். நூற்றிருபது கிலோ மனிதர். எதிரே நின்றவன் காலையில் சூசை அண்ணைக்குக் கைகொடுத்த அதே உயரமானவன். அவன் ஊவேயை விழுத்திவிட்டு, கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினான். அடுத்த முறையும் விழுத்தினான், தூக்கினான். அரைநேரத்தில் அவர்கள் முப்பத்தெட்டு. நாங்கள் பூச்சியம்.

ஹெர் பிரென்னர் வெளிறிப்போயிருந்தார். "றாணி, மிச்சத்தைச் சுருக்கேலாதோ? ஆருக்காவது காலோ கையோ முறியப் போகுது."

நடைபாதையில் அமெரிக்கர்களின் தலைமைப் பயிற்சியாளர் எதிரே வந்தார். மெலிந்த, வயதான மனிதர். நான்தான் கடிதம் எழுதியவளா என்று கேட்டார். ஓம் என்றேன். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த என் ஃபாக்ஸை எடுத்தார்.

"வேற கழகங்களும் பதில் போட்டவை. எல்லாரும் தாங்கள் பலமான ஆக்கள் எண்டுதான் எழுதினவை. நீங்கள் மட்டும்தான் உள்ளதை எழுதினனீங்கள். அதாலதான் இஞ்ச வந்தனாங்கள்." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "முழுப் பலத்தோட விளையாடச் சொல்லி எழுதியிருக்கிறீங்கள். இப்பவும் அப்பிடியோ? இல்லாட்டி ரெண்டாம் வரிசைப் பெடியளை இறக்கட்டோ? எழுதினவ நீங்கள், அதால உங்களைக் கேக்கிறன்."

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் யார்? விழப்போவது நானில்லையே. கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு எங்கள் ஆட்களின் அறை வாசலுக்குப் போய், கேட்டதைக் கேட்டபடியே சொன்னேன். முழங்காலில் ஐஸ் பையோடு இருந்த ஊவேயை எல்லோரும் பார்த்தார்கள்.

"முதல் ஆக்களே வரட்டும்," என்றார் ஊவே. "இப்பத்தான் அவன் காலை எங்க வைக்கிறான் எண்டு பிடிபடத் தொடங்கியிருக்கு."

எனக்குப் பின்னால் நின்ற ஹெர் பிரென்னர் அதைக் கேட்டார். ஆட்டத்தைச் சுருக்குவது பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை.

மூன்றாம் கால் பகுதியிலும் புள்ளிகள் ஏறிக்கொண்டே போயின. ஆனால் பந்தை விட்டு ஊவேயையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒன்று தெரிந்தது. அவர் இன்னும் விழுந்துகொண்டுதான் இருந்தார், ஆனால் பிந்தி விழுந்தார். முதலில் மோதியவுடன் விழுந்தவர், இப்போது ஒரு கணம் நின்று விழுந்தார். பிறகு இரண்டு கணம். அந்த இரண்டு கணத்துக்குள் பின்னால் நின்ற எங்கள் ஆளுக்குப் பந்தை எறிய நேரம் கிடைத்தது. பத்து யார் போனோம். இன்னொரு பத்து யார். கடைசி நிமிடங்களில் அவர்கள் கோட்டுக்குக் கிட்டப் போய், கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுத்தோம்.

ஐம்பத்தொன்பதுக்கு மூன்று. சனம் முழுவதும் எழும்பி நின்றது. கைதட்டியவர்களில் அந்த அறுபது பேரும் இருந்தார்கள்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகும் மைதானத்தில் இருவர் நின்றார்கள். ஊவேயும் அந்த உயரமானவனும். அவனுக்கு டொச்சு தெரியாது, இவருக்கு ஆங்கிலம் தெரியாது. அவன் குனிந்து காலை வைத்துக் காட்டுவான். இவர் வைப்பார். அவன் தலையாட்டி, இவருடைய குதிக்காலைக் கையால் பிடித்து ஒரு சாண் பின்னுக்கு நகர்த்துவான். திரும்பவும் மெதுவாக மோதிப் பார்ப்பார்கள். மொழிபெயர்க்க வரட்டுமா என்று நான் கேட்கப் போனேன். பாதி வழியில் நின்றுவிட்டேன். தன்னை விழுத்தியவனிடமே பாடம் கேட்கும் மனிதரையும், தான் விழுத்தியவருக்கு முழங்காலில் நின்று பாடம் சொல்லும் பெடியனையும் அதற்கு முன் நான் எங்கும் பார்த்ததில்லை. என்னை அவர்கள் கவனிக்கவுமில்லை.

மூன்று வாரம் கழித்து முதல் லீக் ஆட்டம். முதல் மோதல் முடிந்து எழும்பிய ஊவே, கோட்டருகே நின்ற டேலைப் பார்த்து, "இவ்வளவுதானோ?" என்று கேட்டார். அன்று வென்றோம். அந்த வருடம் சாம்பியன் ஆகவில்லை. அட்டவணையின் நடுவில் முடித்தோம். கீழே இறங்கும் பயம் ஒருநாளும் வரவில்லை.

4. என் பிழை

இதோடு நிறுத்தினால் நான் கெட்டிக்காரி என்று நினைப்பீர்கள். அடுத்த வருடத்தையும் சொல்ல வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை என் தலைக்கு ஏறிவிட்டது. ஒரு பலமான அணி இவ்வளவு செய்தால் மூன்று எவ்வளவு செய்யும் என்று கணக்குப் போட்டேன். மார்ச்சில் அடுத்தடுத்து மூன்று சனிக்கிழமைகளுக்கு, எங்களைவிட மிகப் பலமான மூன்று அணிகளை நானே தேடிப் பிடித்தேன். டேலுக்கு மெத்தச் சந்தோஷம். ஹெர் பிரென்னர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஒண்டாவது லேசானதாப் போடுங்கோ, றாணி. ஆக்களுக்கு மூச்சு விட இடம் வேணும்," என்றார். போன வருடமும் இப்படித்தானே பயந்தார் என்று எண்ணி நான் அதைக் காதில் வாங்கவில்லை.

மூன்றாவது ஆட்டத்தில் ஊவேயின் முழங்கால் போனது. லீக் தொடங்கியபோது ஐந்து பேர் காயத்தோடு வெளியே இருந்தார்கள். ஊவேக்கு ஒப்பரேஷன் செய்தார்கள். இனி விளையாட முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

பூங்கொத்தோடு மருத்துவமனைக்குப் போனேன். கட்டிலருகே உட்கார்ந்ததும், வழி முழுக்கப் பாடமாக்கிய வசனங்கள் மறந்துபோயின.

"பிழை என்ர. டெர்மின் போட்டது நான்," என்றேன்.

அவர் பொய் சொல்லி என்னைத் தேற்றவில்லை. "ஓம், மூண்டு கூடிப்போச்சு," என்றார். "ஆனா அந்த முதல் வருஷத்தை மட்டும் அழிச்சுப்போடாதேங்கோ. அது சரியான ஆட்டம்."

அதன் பிறகு நான் அங்கிருந்த வருடம் எல்லாம் ஒரே முறையைத்தான் கடைப்பிடித்தேன். முதல் சனிக்கிழமை இலகுவான அணி. மறந்துபோன வேலை கைக்குத் திரும்ப வருவதற்கு அது வேண்டும். இரண்டாவது சனிக்கிழமை எங்களால் வெல்லவே முடியாத அணி. மூன்றாவதை வெறுமையாக விடுவேன். யார் எவ்வளவு கேட்டும் அதில் எழுதவிட்டதில்லை. இலகுவானதா கடினமானதா என்று சண்டை பிடித்த இருவரும் பாதிப் பாதி சரி என்பதை நான் ஒருவருடைய முழங்காலில் படித்தேன். இதை வாசிக்கும் நீங்கள் எந்தத் தொழிலில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவரானாலும், அந்த விலை கொடுக்காமல் படித்துக்கொள்ளுங்கள்.

ஊவே திரும்பவும் ட்ராம் ஓட்டப் போனார். ஒவ்வொரு நவம்பரிலும் பணி முடிந்து சீருடையோடு என் அலுவலகத்துக்கு வருவார். காலை நீட்டி வைத்துக்கொண்டு, மார்ச் ஆட்டங்களுக்காக மற்றக் கழகங்களிலிருந்து எனக்கு வந்த பதில்களை எல்லாம் பொறுமையாக வாசித்து முடிப்பார். பிறகு ஒரேயொரு கேள்விதான் கேட்பார்.

"சொல்லுங்கோ, றாணி. இதில எங்களை ஆர் வெல்லுவினம்?"