கேட்டுவிட்டு நிற்பவன்

எங்கள் வீட்டுக் கணினியில் இருந்த அந்த விளையாட்டின் நிறைகுறைகளைப் பற்றி இன்றைக்கு யாராவது என்னிடம் கேட்டால் அரை நாள் பேசுவேன். பத்து வயதில் இன்னும் அதிகமாகப் பேசினேன். இத்தனைக்கும் அதை விளையாடியது நான் இல்லை, அத்தை. நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, திரையில் வரும் ஆங்கிலத்தைத் தமிழாக்கிச் சொல்லும் உத்தியோகத்தில் இருந்தேன்.

அத்தை அப்பாவின் தங்கை. அறந்தாங்கியில் கட்டிக்கொடுத்திருந்தது. பங்குனித் திருவிழாவுக்குத் திருமயத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. மாமா குடிக்கிறவர் இல்லை, கைநீட்டுகிறவரும் இல்லை. அத்தை இங்கே தேர் பார்த்துக்கொண்டிருந்த வாரத்தில், அவர் அங்கே வீட்டைக் காலி செய்து, கடைச் சாமானையும் சட்டிபானையையும் லாரியில் ஏற்றிக்கொண்டு திருப்பூருக்குக் குடிபோய்விட்டார். போய்ச் சேர்ந்த பிறகுதான் போன் வந்தது. நேராகத் திருப்பூருக்கு வந்துவிடச் சொன்னார்.

"எனக்குத் தெரியாம என் வீட்டையே மாத்திட்டாங்க" என்றாள் அத்தை.

"வீடு மாறுனா என்ன, வீட்டுக்காரர் அதே ஆளுதானே" என்றாள் அம்மா. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கணினி, சென்னையில் வேலை பார்க்கும் பெரியம்மா மகன் கொடுத்தது. புதிது வாங்கியதும் பழையதை என் படிப்புக்கென்று அனுப்பினான். அதிலிருந்த விளையாட்டை அழிக்க மறந்துவிட்டான், அல்லது மறந்த மாதிரி இருந்துவிட்டான். மலை, காடு, சதுப்பு நிலம், இடிந்த கோட்டைகள், நரிமுகம் கொண்ட வணிகர்கள், எல்லாருக்கும் மேலே நெருப்பைக் கக்கிக்கொண்டு பறக்கும் ஓர் அரக்கன். ஒரு மத்தியானம் நான் அதைத் திறந்து முழித்துக்கொண்டிருந்தபோது அத்தை வந்து எட்டிப் பார்த்தாள். அதற்கப்புறம் நாற்காலி கைமாறிவிட்டது.

அந்த விளையாட்டின் முதல் பெருமை, கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கெல்லாம் போகலாம் என்பது. எங்கள் மொட்டை மாடியில் நின்றால் கோட்டை தெரியும். அத்தை பிறந்ததிலிருந்து பார்க்கிற கோட்டை. தனியாக ஏறிவிட்டு வருகிறேன் என்று ஒரு நாள் கிளம்பியிருந்தால், தெருமுனைக்குள் நாலு பேர் "எங்கிட்டுத் தாயி கெளம்பிட்டே?" என்று விசாரித்திருப்பார்கள். கணினியில் விசாரிப்பார் இல்லை. செங்குத்துப் பாறையில் குதிரையை விட்டாள். அது பல்லி மாதிரி ஏறியது. "இதென்னடி அநியாயம்" என்று சொல்லிக்கொண்டே உச்சி வரைக்கும் ஏற்றினாள்.

குறைகளைச் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. விளையாட்டில் வரும் ஊர்க்காரர்கள் ஒரே வாக்கியத்தைச் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாதி வீடுகளுக்குக் கதவு வெறும் படம், திறக்காது. அப்பா, இம்புட்டுப் பெரிய ஊருக்கு ஒரு பஸ் ஸ்டாண்டு இல்லையே என்று வருத்தப்பட்டார். அம்மா அந்தப் பக்கம் போகும்போது கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "விடிஞ்சா அடஞ்சா திங்கிறானுங்க, ஒரு வீட்டுலயும் ஏனம் கழுவுற எடத்தக் காணோம்" என்றாள். கரண்டு போனால் விளையாடியதெல்லாம் ஆற்றில் கரைத்த புளிதான், ஆனால் அதற்கு மின்வாரியத்தைத்தான் சொல்ல வேண்டும்.

என் கணக்கில் பெரிய குறை வேறு. அரக்கன் தலைநகரைக் கொளுத்தப் போகிறான், இப்போதே புறப்படு என்று ராஜா கெஞ்சுவார். அத்தை தலையை ஆட்டிவிட்டுக் காளான் பறிக்கப் போய்விடுவாள். வாரக்கணக்கில் பறித்தாள். அரக்கனும் வரவில்லை, தலைநகரும் எரியவில்லை. இது என்ன அவசரம் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. "நமக்காகக் காத்திருக்கானே, நல்லவன்" என்று அரக்கனைப் பாராட்டினாள் அத்தை.

மொழிபெயர்ப்பிலும் ஒரு தகராறு உண்டு. "ராஜா 'வா'ங்கிறாரா 'வாங்க'ங்கிறாரா?" என்று கேட்பாள். ஆங்கிலத்தில் அந்தப் பாகுபாடே இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டாள். நானாக ராஜாவுக்கு 'வா'வும் பிச்சைக்காரனுக்கு 'வாங்க'வும் கொடுத்துவைத்தேன். "அவரும் மரியாதையாப் பேசட்டும்டி. அவரு வீட்டுச் சோத்தையா திங்கிறோம்" என்று அத்தை திருத்தினாள். அன்றிலிருந்து எங்கள் ராஜா வாங்க, போங்க என்றுதான் பேசினார்.

விளையாட்டில் வரும் ஒரு சத்திரத்தில் ஒரு வாள்வீரன் இருந்தான். கிட்டே போனால், என்னோடு வருகிறாயா என்று கேட்பான். கீழே நாலு பதில்கள் வரும், ஒன்றை அமுக்க வேண்டும். வருகிறேன் என்று அமுக்கினால் சதுப்பு நிலத்துக்குத் துணை கிடைக்கும், கதை நகரும். அத்தை நாலையும் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்பாள். ஒன்றையும் அமுக்க மாட்டாள். எழுந்து போய்க் கொடியில் துணி எடுத்து, மடித்துவைத்து, காப்பி போட்டுக்கொண்டு வருவாள். அவன் கண்ணை மட்டும் சிமிட்டிக்கொண்டு நின்றது நின்றபடி நிற்பான்.

"பாரேன், நிக்கிறான்."

"நீ அமுக்குற வரைக்கும் நிப்பான் அத்த. அவன் பொம்ம."

"பொம்மையா இருந்தா என்ன. கேட்டுட்டு நிக்கிறான்ல."

மறுநாளும் அவனிடமே போவாள். இப்படி ஒருத்தியிடம் விளையாட்டைக் கொடுத்துவிட்டோமே என்று நான் நொந்துபோனேன். ஆனாலும் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்தால் அத்தை இருக்க வேண்டும், அது மட்டும் எனக்குத் தெரியும்.

ஆவணி பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவும் அவருடைய அண்ணனும் வந்தார்கள். காலையிலேயே அப்பா அம்மாவிடம், "இன்னைக்கும் இவ முடியாதுன்னா அத்தோட முறிஞ்சுபோகும். இனிமே அவங்க வாசல்படி மிதிக்க மாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கோ, முடியாது என்று சொல்லிவிடு அத்தை என்று மனசுக்குள் ஒரே வேண்டுதல்.

கேசரி சாப்பிட்டார்கள். திருப்பூர்த் தண்ணீரைப் பற்றி, கடை நன்றாகப் போவதைப் பற்றி மாமாவின் அண்ணன் பேசினார். மாமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "மூணு மணிக்குத் திருச்சி பஸ்ஸு. கெளம்பு" என்றார்.

அத்தை அறைவாசலில் நின்றுகொண்டிருந்தாள், நான் அவள் பக்கத்தில்.

"கேளுங்க" என்றாள்.

"என்னத்தக் கேக்குறது?"

"வாரியான்னு கேளுங்க."

அப்பா முகம் கறுத்துவிட்டது. மாமாவின் அண்ணன் சிரிக்க முயன்று, "கூப்பிடத்தானம்மா இம்புட்டுத் தூரம் வந்திருக்கோம். அதுக்கு மேல என்ன கேள்வி?" என்றார்.

"அவரு கேக்கட்டும்."

மாமா கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். தரையைப் பார்த்து, "வாரியா?" என்றார். பிறகு அவருக்கே அது போதாது என்று தோன்றியதோ என்னவோ, நிமிர்ந்து அத்தையைப் பார்த்து இன்னொரு தரம் கேட்டார்.

அத்தை பதில் சொல்லவில்லை. அம்மா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமாவின் அண்ணன் பொறுக்க முடியாமல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமா அவர் முழங்காலில் கையை வைத்து அழுத்தி, பேசவிடாமல் உட்காரவைத்தார். எல்லாரும் அப்படியே இருந்தோம்.

"வாரேன்" என்றாள் அத்தை.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அறைக்குள் ஓடினேன். கதவுக்குப் பின்னால் அவளுடைய பை. சேலைகள் மடித்துவைத்து, சீப்பு, எண்ணெய்ப் புட்டி எல்லாம் போட்டு, ஜிப் இழுத்திருந்தது. அவர்கள் வந்ததிலிருந்து அத்தை அறைக்குள் போகவே இல்லை. அப்படியென்றால் காலையிலேயே கட்டிவைத்துவிட்டாள்.

பஸ்ஸுக்கு எல்லாரும் நடந்தோம். மாமா பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். நான் அத்தையின் கையைப் பிடிக்காமல் தள்ளியே நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் அடக்க முடியவில்லை.

"பையெல்லாம் கட்டிவச்சுட்டுத்தான் இருந்திருக்கே. அப்புறம் எதுக்கு அத்த கேக்கச் சொன்னே?"

அத்தை என்னைக் கிட்டே இழுத்துத் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். "கேக்காம இருந்திருந்தா பையப் பிரிச்சிருப்பேன்டி" என்றாள்.

பையைப் பிரித்து நாலு சேலையை மறுபடி பீரோவில் அடுக்குவது ஒரு வேலையா, அதற்கா இத்தனை பேரையும் அப்படி உட்காரவைத்தாள் என்று நினைத்துக்கொண்டே பஸ் நிற்கிற இடம் வரைக்கும் நடந்தேன்.